தனித்தனியாகக் கேட்கிற அக்கா

வண்டி வந்து நின்றதும் அக்கா முதலில் டயரைத்தான் பார்க்கும். செருப்புக் காலால் ஒரு தட்டு. அப்புறம் நம்பர் பிளேட். அப்புறம் டிரைவரின் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், சும்மா விசாரிப்பது போல, "எந்த ஊருப்பா நீ?" என்று ஒரு மோப்பம். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்கதவைத் திறந்து, உள்பக்கமிருந்து திறக்க முடிகிறதா என்று கையை விட்டுப் பார்த்திருக்கும். பிள்ளைகள் திறக்காமலிருக்கப் போடுகிற லாக் போட்டிருந்தால் தீர்ந்தது.

"உள்ள கீறவ தொறக்க முடியாத கதவுக்குப் பேரு இன்னா? ஜெயிலு. எட்து போ வண்டிய."

வல்லம் வடகால் பக்கம் நாங்கள் இருந்த பெண்கள் ஹாஸ்டலுக்கு அக்காதான் வார்டன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அக்காவுக்கே பிடிக்காது. "பேரைக் கேக்கறவன் இன்னாத்துக்குக் கேக்கறான்னு மொதல்ல கேளு" என்று சொன்ன ஆள். வாலாஜாபாத் பக்கத்து ஆள் என்று மட்டும் தெரியும். அதையும் அக்கா சொல்லித் தெரியவில்லை. அந்தப் பக்கத்து பஸ் வந்தால் மட்டும் தலையைத் திருப்பி உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும். அதை வைத்து நாங்களே முடிவு கட்டிக்கொண்டது.

ஹாஸ்டலில் இருந்த நாங்கள் எல்லாம் பெரும்பாலும் தெற்கத்திப் பிள்ளைகள். சாத்தூர், கயத்தாறு, பரமக்குடி என்று கிளம்பி வந்து, நெல் விளைந்த நிலத்தில் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் ஆறு பேருக்கு ஓர் அறை என்று இருந்தோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, மாமா அத்தை வந்தாலும் சரி, மகள் வேலை பார்க்கிற கம்பெனி கேட்டை வெளியே நின்று ஒரு தடவை பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் மெதுவாக ஆரம்பிப்பார்கள்: "இங்கேருந்து கடலு கிட்டத்துலதானாமே?"

கிட்டத்தில்தான். ஆனால் அது பக்கத்து மாவட்டத்துக் கடல். நடுவில் ஒரகடம் கூட்டுரோடு, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் எல்லாம் கிடக்கிறது. புதுக் கார்களை மாடி மாடியாக அடுக்கிக்கொண்டு போகிற லாரிகளுக்கு நடுவில் பூந்து போக வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹாஸ்டல் வாசல் ஒரு விசாரணை கவுண்ட்டர் மாதிரி ஆகிவிடும். மகாபலிபுரத்துக்கு எதில் போகலாம்? ஷேர் ஆட்டோவா, காரா, பைக்கா, பஸ்ஸா? கேட்பவர்கள் தெரியாமல் அக்காவிடமே கேட்டுவிடுவார்கள்.

ஷேர் ஆட்டோ என்றால் அக்கா சொல்லும்: "அவன் கண்ணு ரோட்டு மேல இருக்காது, ரோட்டோரத்து மேல இருக்கும். ஆளு தேடற கண்ணு வேற, வண்டி ஓட்டற கண்ணு வேற." வாடகை பைக் என்றால்: "வண்டி ஒருத்தனுது, லைசென்ஸு இன்னொருத்தனுது, உசுரு மட்டும் உன்னுது." போனில் கூப்பிட்டால் வருகிற கார் என்றால்: "படத்துல மீசை வச்சிகினு கீறான், வர்றவன் மழிச்சிகினு வர்றான். எந்த மூஞ்சிய நம்பறது?" சில கம்பெனி வேன் டிரைவர்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிற வேனில் கடலுக்கு டிரிப் அடிப்பார்கள். அவர்களை அக்கா கேட் பக்கமே அண்ட விடாது. "வாரம் பூரா வேலைக்கி இட்டுகினு போறவன், லீவு அன்னிக்கி ஜாலிக்கி இட்டுகினு போறான்னா அவனுக்கு வூட்ல இன்னா பிரச்சனைன்னு கேளு" என்னும். மின்சார ரயில் பரவாயில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறினால் செங்கல்பட்டு. ஆனால் அது கடல் வரைக்கும் போகாதே.

மிஞ்சுவது கவர்மெண்ட் பஸ். அதற்கு அக்கா சொன்ன காரணத்தை நான் இன்றைக்கும் பத்துப் பேருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அதுக்கு உம்மேல அக்கறையே இல்ல பாரு. ஏறினா ஏறு, எறங்கினா எறங்கு. அக்கறை இல்லாத வண்டியத்தான் நம்பணும்."

வண்டியைச் சோதிப்பதாவது வேடிக்கை. ஆட்களைச் சோதிப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. பிள்ளையை வெளியே கூட்டிப்போக யார் வந்தாலும் அக்கா அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிடும். அப்பாவைத் தண்ணீர் கேன் அடுக்கிய மூலைக்கு. அம்மாவை மாடிப்படிக்குக் கீழே. பிள்ளையை ஆபீஸ் அறைக்கு. டிரைவரை அவன் வண்டிப் பக்கத்திலேயே. எல்லோரிடமும் ஒரே கேள்வி: "எங்க போறீங்க?"

கயத்தாறுக்காரி ஒருத்தி என் அறையில் இருந்தாள். அவள் உஷாராக, அப்பா அம்மா ஊரிலிருந்து கிளம்பும்போதே அவர்களுக்குப் போன் போட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் அச்சு அடித்தது போலச் சொன்னார்கள்: மகாபலிபுரம், அஞ்சு ரதம், கலங்கரை விளக்கம், திரும்பும்போது திருக்கழுக்குன்றம் கோவில், சாயங்காலம் ஹாஸ்டல். அக்கா காரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"நான் பள்ளிக்கூடத்து வாத்தியாரும்மா!" என்றார் அவள் அப்பா, முகமெல்லாம் சிவந்து.

"அதான் ஒப்பிக்கிறீங்க. மூணு பேரு மூணு மாரி சொன்னா ஒருத்தரு பொய் சொல்றாரு. மூணு பேரும் ஒரே மாரி சொன்னா மூணு பேரும் பொய் சொல்றீங்க."

"அப்ப எப்படித்தான்மா சொல்லணும்?"

"நெஜத்த சொன்னா கொஞ்சம் இடிக்கும் சார். கொஞ்சம் இடிச்சா வுட்ருவேன்."

அவர்களைப் பஸ்ஸில் போகச் சொல்லி, எந்த இடத்தில் மாற வேண்டும், எந்த நிழலில் நிற்க வேண்டும் என்றுகூடச் சொல்லித்தான் அனுப்பியது. வாத்தியார் போகிற வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே போனாராம். கடலைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு, திரும்புகிற வழியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாராம்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாக முடிந்ததில்லை. பரமக்குடிப் பிள்ளை ஒருத்தியின் அண்ணன் வெளிநாட்டுக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தான். வாடகை பைக். தங்கச்சிக்குக் கடலைக் காட்டிவிட்டு அப்படியே விடைபெற்றுப் போவதாகப் பேச்சு. பைக்கின் பேப்பரில் இருந்த பெயர் வேறு என்று அக்கா மறுத்துவிட்டது. வாடகை வண்டியில் பெயர் வேறாகத்தானே இருக்கும்? அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பஸ்ஸில் போய்வர அவனுக்கு நேரமில்லை. வாசலிலேயே தங்கச்சி தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு அக்காவே அந்தப் பிள்ளையை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனது. சுண்டல் வாங்கிக் கொடுத்தது. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. "கடலு அங்கயேதானடி கீது, எவனும் தூக்கிகினு பூடல" என்றதாம். அந்தப் பிள்ளை ஹாஸ்டலைக் காலி செய்கிறவரை அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் தட்டில் மட்டும் அப்பளம் ஒன்று கூட இருக்கும். அவளும் அதைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்து போவாள்.

இப்படி எல்லோரையும் சந்தேகப்படுகிற ஆளை நாங்கள் சந்தேகப்படாமல் இருப்போமா? அக்காவின் தங்கச்சியைக் காரில் கூட்டிப்போன ஒருத்தன் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை என்றாள் ஒருத்தி. அதெல்லாமில்லை, வீட்டுக்காரர் டிரைவர், இரண்டு ஊரில் இரண்டு குடும்பம் வைத்திருந்தார் என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஒருத்தி, அக்காவே வீட்டைவிட்டு ஒரு லாரியில் ஏறி வந்த ஆள்தான் என்று சத்தியம் செய்தாள். ஒருநாள் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் சும்மா இருக்காமல், மூன்றையும் சொல்லியே விட்டேன்.

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு கதை சொல்றாளுங்களா? அப்ப மூணும் இல்ல. நாலாவது ஒண்ணு கீது. அத நான் சொல்லமாட்டேன். நீ தண்டுல நார் உரிக்காத, சும்மா கிள்ளிப் போடு."

இனி என் கதைக்கு வருகிறேன். என் கதை என்றாலும் அதுவும் அக்காவின் கதைதான்.

நான் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் இருந்தேன். ஒரு கனெக்டரை இன்னொன்றில் சொருகினால் 'கிளிக்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் போதாது, பின்னால் இழுத்தும் பார்க்க வேண்டும். சத்தம் வந்தும் கையோடு கழன்று வருகிறவை உண்டு. லைனுக்கு வருகிற புதுப் பிள்ளைகள் செய்கிற தப்பே இதுதான்: சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுவார்கள். அந்தத் தப்பைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று, என்னை லைன் லீடராகப் போடுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஊரில் மாப்பிள்ளை பேசினார்கள். நான் அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னேன். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன், இங்கேதான் இருப்பேன், அதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசுங்கள் என்று. சம்மதம் என்று தகவல் வந்தது. அவரும் போனில், "ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படியே இருந்துக்கோ, நான் அங்க ஒரு வேலை பாத்துக்கிறேன்" என்றார். எனக்கும் கிளிக் என்று கேட்டது. நான் இழுத்துப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் என்னை நேரில் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, நாள் முழுக்கக் கார் பேசிக்கொண்டு வந்தார்கள். ஹாஸ்டலில் உட்கார இடம் கிடையாது. ஆகவே கடலுக்குப் போய்ப் பேசிக்கொள்வதாக ஏற்பாடு. நான் சேலை கட்டி, அறையில் இருந்தவளிடம் கடன் வாங்கிய கம்மல் போட்டு இறங்கி வந்தால், அக்கா ஏற்கெனவே டயரைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. டிரைவர் வாயில் வாடை இல்லை. எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அக்கா டிரைவரைக் கேட்டாகிவிட்டது: "எங்க போறீங்க?"

"மகாபலிபுரம். அங்கிருந்து நேரா தாம்பரம், சாயங்கால ட்ரெய்னுக்கு."

மாப்பிள்ளையின் அம்மாவை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனது.

"கடலப் பாத்துட்டு அப்படியே தாம்பரம் போறோம்த்தா. வேற எங்க போவாக?"

மாப்பிள்ளையைத் தண்ணீர் கேன் மூலைக்கு.

"மகாபலிபுரம் போயிட்டு, சாயங்காலம் இவங்கள இங்க கொண்டாந்து விட்ருவோம்க்கா."

அக்கா என் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னது: "போற எடம் மூணு பேருக்கும் தெரியுது. இவ திரும்பி வர்ற வழி ரெண்டு பேரு பேச்சுல இல்லியே."

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. "யக்கா, ஏன்க்கா இப்படிப் பண்றீக? அவுக மறந்திருப்பாக" என்று கையைப் பிடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "என்னத்தா இது அநியாயமா இருக்கு? எங்களப் பாத்தா பிள்ள பிடிக்கிறவுக மாதிரியா தெரியுது? பொண்ணு பாக்க வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல வந்து நிக்கிற மாதிரில்ல இருக்கு!"

"பிள்ள பிடிக்கறவங்க இவ்ளோ பூ வாங்கிகினு வரமாட்டாங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. காரு வேணாம். பஸ்ல போலாம், நானும் கூட வர்றேன்" என்று அக்கா உள்ளே போய், நல்ல சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கைப்பையோடு வந்துவிட்டது. அவர்கள் அப்படியே திரும்பிப் போயிருந்தால் என் கல்யாணப் பேச்சு அந்த வாசலிலேயே முடிந்திருக்கும். மாப்பிள்ளைதான், "விடுங்கம்மா, பஸ்லயே போவோம், காரு பின்னாடி வரட்டும்" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தது. சண்டை போடாத ஆம்பளையும் அக்காவுக்குச் சந்தேகம்தான்.

பஸ்ஸில் அக்காவுக்கு என்ன சௌகரியம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. காரில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பேச்சைப் பேசுவார்கள். பஸ் அப்படி விடாது. கிடைத்த இடத்தில் கிடைத்தவர் உட்கார வேண்டும். யாரையும் மூலைக்குக் கூப்பிட வேண்டியதே இல்லை, பஸ்ஸே பிரித்து உட்கார வைத்துவிடும்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் அக்கா மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. நான் முன்னால் ஒரு பூக்காரம்மாவின் கூடைக்குப் பக்கத்தில். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் சம்பந்திகள் போலச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா அக்காவின் கையைத் தட்டித் தட்டி ஏதோ சொல்கிறார். கோபமெல்லாம் ஒரகடம் பாலத்தோடு இறங்கிப் போயிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் மாறியபோது கூட்டம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். அக்கா மட்டும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே பின்படி வரைக்கும் போய் மாப்பிள்ளை பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றது. செங்கல்பட்டு வரைக்கும் அவர் தலை ஆடிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்பது போல. ஜன்னல் வழியாகப் பார்த்தால் காலிக் கார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

செங்கல்பட்டில் மகாபலிபுரம் பஸ் ஏறி, அக்கா கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"நீ எத்தினி நாளைக்கி வேலைக்கிப் போவே?"

"இதென்னக்கா கேள்வி? ஒடம்புல தெம்பு இருக்கிற வரைக்கும்."

அக்கா கைப்பையிலிருந்து வெற்றிலை எடுத்துக் காம்பு கிள்ளியது. "அந்தம்மா, தை பொறந்தா நீ வேலைய வுட்டுட்டு சாத்தூருக்கு வந்துருவேன்றாங்க. மாடு ஒண்ணு கீதாம், ஒனக்குப் பழகணுமாம். அவரு, ரெண்டு வருசம் இங்க இருந்துட்டு அப்பால ஊருக்குப் போலாம்ன்றாரு. நீ தெம்பு இருக்கற வரைக்கும்ன்றே. மூணு பேரும் ஒரே பஸ்லதான் குந்திகினு வர்றீங்க. எறங்கற எடம் வேற வேற."

திருக்கழுக்குன்றம் மலை ஜன்னலில் வந்து நின்று போயிற்று. மாட்டைப் பற்றி என்னிடம் யாருமே சொல்லவில்லை.

"இது கொஞ்சம் இடிக்கிறதாக்கா, ரொம்ப இடிக்கிறதா?"

"அத நான் சொல்லக்கூடாது. நீ கேளு. ஆனா நான் கேட்டா மாரி தனித்தனியா கேக்காதே. சேத்து வச்சிக் கேளு."

கடற்கரையில் நல்ல வெயில். மாப்பிள்ளையின் அம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் "ஆத்தாடி" என்று பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்துக் கேட்கவே மனசு வரவில்லை. கேட்டேன்.

"அத்த, நான் எப்ப வேலைய விடுறதா ஒங்ககிட்டச் சொன்னாக?"

"தைக்கு முன்னாடின்னு இவன்தான் சொன்னான். ஏன்டா, நீ இவகிட்டச் சொல்லலையா?"

"எங்கிட்ட நான் இங்கேயே இருந்துக்கலாம்னு சொன்னீகளே?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம். அவர் கடலைப் பார்த்தார். "ரெண்டு பேருமே மொகம் சுளிக்கக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்து அதிலேயே நின்றுவிட்டார். பஸ் நிறைய வேண்டும் என்று, கேட்கிறவர்களின் ஊரையெல்லாம் 'போகும் போகும், ஏறு' என்று சொல்லி ஏற்றிவிடுகிற கண்டக்டரை நான் பார்த்திருக்கிறேன். பாதி வழியில்தான் தெரியும்.

"நான் பஸ்ஸுலயே திரும்பிப் போறேன்" என்றேன். "நாளைக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கு. தை மாசமும் இருக்கும். அதுக்கப்புறமும் இருக்கும். யாரு எங்க எறங்குறீகன்னு நீங்களே பேசிக்கோங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னேன். அக்கா என் செருப்பை எடுத்து வந்து முன்னால் போட்டது.

பஸ் நிலையத்துக்கு எதிரே அவர்களுடைய கார் நின்றது. நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. அம்மா பின்சீட்டில் ஏறினார். மாப்பிள்ளை கதவைச் சாத்திவிட்டு, முன்பக்கம் ஏறப் போகிறவர் போலச் சுற்றி வந்து, ஏறாமல், குனிந்து ஜன்னலில் ஏதோ சொன்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் ஏதோ சொன்னார். கார் அவர் இல்லாமல் கிளம்பிப் போய்விட்டது. எங்கள் பஸ் நகர்ந்த பிறகு பின்படியில் யாரோ தொற்றி ஏறுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அக்கா திரும்பியது. திருக்கழுக்குன்றம் வந்ததும் எழுந்து மறுபடியும் பின்னால் போய்விட்டது.

செங்கல்பட்டில் இறங்கியபோது என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னது: "அம்மாகிட்ட சொல்ட்டாராம். நீ வேலைய வுடமாட்டியாம், அவரு இங்க வந்துருவாராம்."

"சரிக்கா."

"சரின்னுடாதே. இத பயத்துல சொன்னாரா, ஆசையில சொன்னாரா? அத அவரண்ட கேளு."

கேட்கவில்லை. கேட்காமலேயே கல்யாணம் நடந்தது. மறைமலை நகரில் அவருக்கு வேலை கிடைத்தது. அத்தை தாலி கட்டுகிற வரை என்னோடு பேசவில்லை, கட்டிய பிறகும் கொஞ்ச நாள். அந்த மாட்டை விற்ற அன்றைக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் அழுதார், அதற்குப் பிறகு பேசத் தொடங்கினார். அக்கா கல்யாணத்துக்குச் சாத்தூர் வரைக்கும் கவர்மெண்ட் பஸ்ஸிலேயே வந்தது. மாப்பிள்ளை வேனின் டயரைத் தட்டிப் பார்த்ததை நான் மணவறையிலிருந்தே பார்த்தேன்.

அதற்கப்புறம் எப்போது போன் போட்டாலும் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "கேட்டியா?" என்னும்.

"இல்லக்கா. எதுக்கு? நல்லாத்தான இருக்கோம்."

"கேக்காமலே குடித்தனம் பண்றியே, நீ தகிரியசாலிதான்."

அப்புறம் ஹாஸ்டல் கைமாறியது. அக்காவின் போன் அணைந்தே கிடந்தது. பழைய பிள்ளைகளிடம் விசாரித்தேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறது என்றாள் ஒருத்தி. வாலாஜாபாத்தில் கடை வைத்திருக்கிறது என்றாள் ஒருத்தி. மகன் வீட்டோடு போய்விட்டது என்றாள் இன்னொருத்தி. மகனா? மூன்று கதை. அப்படியென்றால் நாலாவது ஒன்று இருக்கிறது.

போன மாதம் மகளுக்குக் கடல் காட்டலாம் என்று கிளம்பினோம். அவர் போனில் கார் கூப்பிடப் போனார். நான்தான் பஸ் என்றேன். செங்கல்பட்டில் ஏறியபோது மகளுக்கு முன்னால் ஜன்னலோரம் கிடைத்தது, எனக்கும் அவருக்கும் அதிசயமாகப் பக்கத்துப் பக்கத்தில் இடம். லைன் லீடராகி, இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். தினமும் எத்தனையோ இழுத்துப் பார்க்கச் சொல்கிற வாய். அன்றைக்கு ஏனோ அதுவாகக் கேட்டுவிட்டது.

"அன்னைக்கு அத்தகிட்டச் சொன்னீகளே, நான் வேலைய விடமாட்டேன்னு. அத பயத்துல சொன்னீகளா, ஆசையிலயா?"

அவர் யோசிக்கவே இல்லை. "பயத்துலதான் கார விட்டேன். பஸ் ஏறுனப்புறம் பயம் இல்ல."

எவ்வளவு அழகான பதில்! திருக்கழுக்குன்றம் வரைக்கும் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன். அப்புறம் அவரே, ஒரு சிரிப்போடு, சேர்த்துக்கொண்டார்: "இதத்தான ஒங்க அக்காவும் அன்னைக்கு இதே பஸ்ல கேட்டாங்க. அவ என்னைக்காவது கேப்பா, அப்ப முழிக்காம பதில் சொல்லணும்னு சொல்லிவச்சாங்க."

அப்படியானால் அக்காவுக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு போனிலும் "கேட்டியா?" என்றிருக்கிறது. அவர் அங்கே சொன்னதும் எனக்குச் சொன்னதும் பொருந்துகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காத்திருக்கிறது. நான்தான் இத்தனை வருஷம் கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போது பாதி என்னிடம் இருக்கிறது, மறுபாதி அக்காவிடம். அவர் முழிக்காமல் சொன்னாரே, அதுதான் இப்போது உறுத்துகிறது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு உதவி. ஒரகடம் பக்கமோ, சுங்குவார்சத்திரம் பக்கமோ, ஏதாவது ஒரு ஹாஸ்டல் வாசலில் கார் டயரைச் செருப்புக் காலால் தட்டுகிற ஒரு அம்மாவைப் பார்த்தால், வண்டியை விட்டு இறங்கிக் கிட்டப் போங்கள். எங்கே போகிறாய் என்று கேட்கும். பயப்படாமல் நிஜத்தைச் சொல்லுங்கள். அப்புறம், அன்றைக்குச் செங்கல்பட்டு பஸ்ஸில் சாத்தூர் மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று நான் கேட்டதாகக் கேட்டு வாருங்கள்.

அவர் எனக்குச் சொன்னதே அப்படியே வார்த்தை மாறாமல் வந்துவிடக் கூடாது. கொஞ்சம் இடித்தால் போதும்.